அப்பன் நிறம் மகனுக்கு

சென்னையின் கொளத்தூர் மீன் கடைகளில் பாலித்தீன் பைக்குள் சுற்றிவரும் செக்கச் சிவந்த ஸ்வார்டு டெயிலுக்குச் சொந்த ஊர் என்று ஓர் ஆற்றைக் காட்ட முடியாது. அதன் மூதாதை மெக்சிகோ தொடங்கி ஹோண்டுராஸ் வரையுள்ள ஓடைகளில் வாழும் பச்சை மீன். விலாவில் செந்நிறக் கோடு ஒன்று ஓடும். ஆணுக்கு வாலின் கீழோரம் வாள்போல் நீண்டிருக்கும். ஹெல்லர் என்ற இயற்கையியலாளர் மெக்சிகோவில் சேகரித்ததை வைத்து வியன்னாவின் ஹெக்கல் 1848இல் அதற்குப் பெயர் சூட்டினார். உடல் முழுக்கப் பரவிய சிவப்பு அந்த மீனுக்குக் கிடையாது. அது பிளாட்டி என்ற அதன் உறவுக்கார மீனிடமிருந்து வந்தது. தொட்டிகளில் இரண்டையும் இணைசேர்த்து, பிறந்த குட்டிகளில் சிவந்ததைப் பொறுக்கி, திரும்பத் திரும்ப ஸ்வார்டு டெயிலோடு சேர்த்து மனிதர்கள் உண்டாக்கிய நிறம் அது. விசிறி வால் கப்பியும், கரிக்கட்டை போன்ற மோலியும், பல வண்ணப் பிளாட்டியும் இதே வழியில் வந்தவைதான். ஆடும் மாடும் கோழியும் வீட்டு விலங்குகளான காலம் எழுத்துக்கு முந்தியது. அதை எலும்புகளைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். குட்டி போடும் மீன்கள் வீட்டு விலங்குகளானதோ நம் தாத்தாக்களின் காலத்தில், அச்சேறிய பத்திரிகைகளின் கண்ணெதிரில். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டு முன்னறையிலும் மாடியிலும் குட்டி வளர்த்தவர்கள். அவர்கள் செய்ததைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி. இருபதாம் நூற்றாண்டின் மரபியல் அவர்கள் வளர்த்த மீன்களின் மேலும், குட்டி வளர்ப்பில் அவர்கள் பழகிய ஒழுங்கின் மேலும் கணிசமாகச் சாய்ந்து நின்றது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அறிவியலுக்கு இந்த மீன்கள் முதலில் வந்து சேர்ந்தது சாராயம் நிரப்பிய சீசாக்களில். வெனிசுவேலாவின் கராகஸிலிருந்து பெர்லினுக்கு வந்த மாதிரிகளைப் பார்த்து வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859இல் கப்பியை விவரித்தார். ஏழாண்டு கழித்து, டிரினிடாடில் இருந்த லெச்மியர் கப்பி லண்டனுக்கு அனுப்பிய மீன்களைப் புதிய இனம் என்று நினைத்து, குந்தர் அவர் பெயரையே வைத்தார். அறிவியல் பெயராக அது நிலைக்கவில்லை, கடைப்பெயராக உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் தங்காது. ஒவ்வொரு கப்பி ஆணும் வேறு வேறு புள்ளியும் கோடும் கொண்டது என்பதோ, பெண் ஒருமுறை சேர்ந்தபின் மாதக்கணக்கில் குட்டி போடும் என்பதோ சீசாவைப் பார்த்தால் தெரிய வழியில்லை. உயிருள்ள மீனைப் பற்றிய அறிவு, அதை உயிரோடு வைத்திருந்தவர்களிடமிருந்துதான் தொடங்க முடிந்தது. 1907, 1908, 1909 ஆகிய மூன்றாண்டுகளுக்குள் பிளாட்டி, கப்பி, ஸ்வார்டு டெயில் மூன்றும் உயிரோடு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வரவேற்க அங்கே ஒரு சமூகம் தயாராக இருந்தது. பெர்லினில் ட்ரைட்டன் என்ற மீன் வளர்ப்போர் சங்கம் 1888இலேயே தொடங்கிவிட்டது. தொட்டி வளர்ப்புக்கென்றே வாரப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. மின்சார ஹீட்டர் பரவாத காலம் அது. தொட்டிக்கு அடியில் சுடர் எரியவிட்டுத் தண்ணீரைச் சூடாக வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தச் சுடர் ஓர் இரவு அணைந்தாலும் கூட்டம் முழுக்கப் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு மீன் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது என்றால் அது தானாக நடந்ததாக இருக்க முடியாது.

குட்டி போடும் மீன் வளர்ப்பது சுலபம் என்ற பேச்சு பாதிதான் உண்மை. முட்டையைக் காக்க வேண்டாம், பூசணம் பிடிக்கும் என்ற பயம் வேண்டாம் என்பதெல்லாம் சரி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தாயின் வயிற்றில், பின்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்புள்ளி பெருத்து, வயிறு பெட்டிபோல் சதுரமாகும். அதன்பின் குட்டிகள் ஒவ்வொன்றாக மடங்கிச் சுருண்டபடி வெளியே விழும். விழுந்தது ஒரு கணம் அடியில் கிடக்கும், உடம்பை நிமிர்த்தி ஒரு துள்ளலில் மேலே ஏறும். அரை அங்குலத்தை விடச் சிறியது, ஆனால் கண்ணும் வாயும் முழுமையாக உள்ள மீன். அன்றே தின்னத் தொடங்கிவிடும். அதைத் தின்பதற்குத் தாயும் அங்கேயே காத்திருக்கும். பாசியைத் திணித்து வைப்பதும், துளையிட்ட பெட்டிக்குள் தாயை விட்டுக் குட்டிகள் கீழே நழுவிப் போகும்படி செய்வதும் அதனால்தான். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு குறிப்பிட்ட வாலையோ நிறத்தையோ நிலைநிறுத்த நினைப்பவருக்குத்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த மீன்களின் பெண், ஆணின் விந்தைத் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்துப் பல மாதம் பயன்படுத்தும். ஒரே ஒருமுறை தவறான ஆணோடு இருந்துவிட்டால் அடுத்தடுத்த பிரசவங்களின் தகப்பன் யார் என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்று நான்கு வாரக் குட்டிகளையே லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெண்ணுக்கு வயிற்றோரம் மங்கலான கருமை தெரியும். ஆணுக்கு அடித்துடுப்பு விசிறியாக விரியாமல் குச்சிபோல் ஒடுங்கத் தொடங்கும். அந்த ஒடுக்கம் முடிவதற்குள் பெண் வேறு தொட்டிக்குப் போய்விட வேண்டும். கன்னிப் பெண்களைத் தனியே வைப்பது, தகப்பனைக் குறித்து வைப்பது, ஒரு தாயின் குட்டிகளை இன்னொரு தாயின் குட்டிகளோடு கலக்காமல் வளர்ப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் விசிறி வால் இல்லை. மரபியல் சோதனைக்கு அடிப்படைத் தேவையும் இதே மூன்றுதான். பழ ஈக்களை வைத்து மரபியலைச் சோதித்த மார்கனின் கூடத்திலும் கன்னிப் பெண் ஈயைப் பிரிப்பதுதான் முதல் வேலை. தீனிச் சிக்கலும் இருந்தது. நுண்ணுயிர் வளர்த்த நீரும் அவித்த மஞ்சள் கருவும் கொடுத்துச் சமாளித்தவர்களுக்கு, சான் பிரான்சிஸ்கோவின் ஆல்வின் சீல் 1933இல் ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலைப் பற்றி எழுதியது பெரிய திருப்பம். உலர்ந்த முட்டையாகப் பல காலம் வைத்திருந்து, உப்புநீரில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருள்ள தீனி. இன்றுவரை அதற்கு இணையான குட்டித் தீனி வரவில்லை.

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ஷ்மிட், விலாங்கு மீனின் பிறப்பிடத்தைத் தேடி அட்லாண்டிக் கடலைச் சலித்தவர் என்றே பெயர் பெற்றவர். அவர் 1920இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு கப்பியைப் பற்றியது. முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உள்ள வகை ஆணை, புள்ளி இல்லாத வகைப் பெண்ணோடு சேர்த்தார். மகன்கள் எல்லோருக்கும் புள்ளி வந்தது. அந்த மகன்களின் மகன்களுக்கும் வந்தது. மகள்களின் வழியாக மட்டும் வரவேயில்லை. அதே நகரத்தின் ஓயிவின்ட் விங்கே 1922இல் இதை விளக்கினார்: புள்ளிக்குரிய மரபணு ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. பழ ஈயில் ஒய் குரோமோசோம் ஏறக்குறைய வெறுமையானது என்று கருதப்பட்ட நேரம் அது. ஜப்பானில் தட்சுவோ ஐடா 1921இல் மெடாக்கா மீனில் கண்டதும் இதையேதான்; மெடாக்காவும் ஜப்பானியர் தொட்டியிலும் சிறு குளத்திலும் நெடுங்காலம் அழகுக்காக வளர்த்த மீன் என்பதைக் கவனிக்க வேண்டும். 1927இல் விங்கே கப்பியின் பதினெட்டு மரபணுக்களின் இருப்பிடத்தை எழுதினார். டென்மார்க்கின் குளங்களில் கப்பி கிடையாது. இவ்வளவு தெளிவான வகைகள் அவர்கள் கைக்குக் கிடைத்தன என்றால், அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகள் வடக்கு ஐரோப்பாவின் தொட்டிகளில் யாரோ அவற்றைச் சாகாமல் வளர்த்து வைத்திருந்தார்கள் என்று பொருள்.

பிளாட்டியின் கதை இன்னும் ஆழமானது. 1920களில் அமெரிக்காவில் பெல்லமி, தொட்டிப் பிளாட்டிகளை வைத்துச் சோதித்து, அவற்றில் பாலைத் தீர்மானிப்பது பெண் என்று கண்டார். கோழியைப் போன்ற முறை. கப்பிக்கு நேர்மாறு. பிளாட்டியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட மைரன் கோர்டன், தொட்டி மீனை மட்டும் நம்பினால் போதாது என்று 1930 முதல் மெக்சிகோவுக்குப் போய்க் காட்டு மீன்களைப் பிடித்து வந்தார். அந்த மெக்சிகோ மீன்களில் பாலைத் தீர்மானித்தது ஆண்! ஒரே இனத்தில் இரண்டு முறைகள். தொட்டி வாழ்க்கைதான் இப்படித் தலைகீழாக்கியதோ என்ற கேள்வியை 1940களில் அவரே எழுப்பினார். பின்னர் பெலீஸ் பகுதியின் காட்டு மீன்களில் தொட்டி மீன்களின் முறையே இருப்பதும் தெரிந்தது. தொட்டி மீன் எதையும் தலைகீழாக்கவில்லை. தன் மூதாதையர் பிறந்த மண்ணின் அடையாளத்தைத்தான் பல பத்துத் தலைமுறைகளாக, கைமாறிக் கைமாறி, அழியாமல் சுமந்து வந்திருந்தது. சாதாரண மீன் வளர்ப்போர் எவ்வளவு பொறுப்பாகத் தம் வம்சங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிளாட்டி, ஸ்வார்டு டெயில் இரண்டின் கலப்பில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பிளாட்டியின் உடலில் கரும்புள்ளிகள் இருக்கும். அவற்றால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. புள்ளி போட்ட பிளாட்டியை ஸ்வார்டு டெயிலோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் கருமை அதிகமாகப் பரவும். அந்தக் குட்டிகளை மறுபடி ஸ்வார்டு டெயிலோடு சேர்த்தால் சிலவற்றில் கருமை புடைத்து, துடுப்பைத் தின்று, கட்டியாகி மீனைக் கொன்றுவிடும். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஹாய்ஸ்லரும் கோஸ்விக்கும், அமெரிக்காவில் கோர்டனும் தனித்தனியே இதை ஆராய்ந்து, இது தோல் புற்றுநோய் என்று காட்டினார்கள். கட்டியைத் தூண்டும் மரபணுவும் அதை அடக்கும் மரபணுவும் பிளாட்டியில் சேர்ந்தே இருக்கின்றன, கலப்பில் அடக்குவது தொலைந்துபோகத் தூண்டுவது மட்டும் தங்குகிறது என்பது விளக்கம். புற்றுநோய்க்கு மரபு வழியும் உண்டு என்பதைத் தெளிவாகக் காட்டிய முதல் சான்றுகளுள் இது ஒன்று. நாஜி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் கோஸ்விக் 1937இல் இஸ்தான்புல்லுக்குப் போய் அங்கே விலங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். தூண்டும் மரபணு 1989இல் அடையாளம் காணப்பட்டது. கோர்டன் 1939இல் வெராக்ரூஸின் ஹமாபா ஆற்றிலிருந்து கொண்டுவந்த பிளாட்டிகளின் வம்சம் உடன்பிறப்புகளுக்குள்ளேயே நூறு தலைமுறைக்கு மேல் வளர்க்கப்பட்டு, இன்று டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2013இல் வெளியான பிளாட்டியின் முழு மரபணுத் தொகுப்பு அந்த வம்சத்தின் மீனிலிருந்து படிக்கப்பட்டது. கோர்டன் ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்காமல் வீட்டில் வளர்ப்போருக்கான கையேடுகளும் எழுதினார். இரு தரப்புக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்கு அதுவே போதும்.

என் வாதத்துக்குச் சொல்லக்கூடிய முதல் மறுப்பு, கப்பியின் நிறம் இயற்கை கொடுத்தது, வீட்டுக்காரர் சேர்த்தது என்ன என்பது. டிரினிடாட் ஓடைகளில் இந்த மறுப்புக்கு வலு உண்டு. ஜான் எண்ட்லர் 1980இல் வெளியிட்ட சோதனையில், வேட்டை மீன் உள்ள குளத்தில் கப்பி ஆண்களின் புள்ளிகள் சில தலைமுறைகளில் குறைந்தன; வேட்டை மீன் இல்லாத குளத்தில் பெருகின. பெண் கப்பி பளிச்சென்ற ஆணை விரும்புகிறது, வேட்டை மீனும் பளிச்சென்ற ஆணையே முதலில் பிடிக்கிறது. இந்த இழுபறியில் நிற்பதுதான் காட்டுக் கப்பியின் நிறம். ஆனால் இதே சோதனை என் பக்கமும் பேசுகிறது. தொட்டிக்காரர் செய்தது அந்த இழுபறியின் ஒரு முனையை அறுத்துவிட்டு, மறுமுனையில் தாமே உட்கார்ந்ததுதான். உடம்பளவு பெருத்த வாலோடு நீந்தத் திணறும் ஆண், ஓடையில் ஒரு நாள் தாங்காது. நிறமற்றதாக இருந்த பெண்ணின் வாலுக்கும் கருமையும் செம்மையும் வந்திருப்பது ஓடையில் காணாதது. மூலப்பொருள் இயற்கையினுடையது என்பதை ஒப்புக்கொள்ளலாம். நெல்லுக்கும் நாய்க்கும் அப்படித்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது: இவற்றை உண்டாக்கியது வீடுகள் அல்ல, வியாபாரம், ஃபுளோரிடாவின் குளங்களும் சிங்கப்பூரின் பண்ணைகளும் இல்லாமல் உலகத்துக்கு இந்த மீன்கள் கிடைத்திருக்காது. கிடைத்திருக்காது என்பது உண்மை. பெருக்கியது பண்ணைதான். ஆனால் ஒரு வகையைப் பெருக்குவதற்கு முன் அது நிலைபெற்றிருக்க வேண்டும். குட்டி குட்டியாகப் பார்த்துக் கழித்து நிலைநிறுத்தும் வேலை பெரிய குளத்தில் நடக்காது. நீண்ட முக்காடு வால் கப்பியை 1950களில் உலகறியச் செய்தவர் பால் ஹானல், ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். அவருடைய ஆண் மீன்களுக்காக வளர்ப்போர் காத்துக்கிடந்தார்கள். அவரைப் போன்றவர்களின் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும்தான் வாலின் கோணம் இத்தனை இருக்க வேண்டும், நிறம் இப்படி ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. பண்ணைகள் அந்த அளவுகோலைப் பின்பற்றின. சிங்கப்பூரிலும்கூட, 1980களில் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தால், கப்பிப் பண்ணையின் உயிர்நாடி ஆண் பெண் பிரிப்பும் அடுத்த தலைமுறைக்கான பொறுக்கலும்தான் என்று தெரிகிறது. வீட்டில் பழகிய அதே வேலை, ஆள் வைத்துச் செய்யப்பட்டது. இலங்கையின் கப்பி ஏற்றுமதியிலும் சிறு வளர்ப்பாளர்கள் வீட்டோரத் தொட்டிகளில் வளர்த்துக் கொடுப்பதற்கு இடம் உண்டு.

வட சென்னையின் கொளத்தூர் இந்த வரிசையில் சேர்வதற்குக் காரணம் வெயிலும் தண்ணீரும். பெர்லின்காரர் சுடர் எரித்து வாங்கிய சூட்டைச் சென்னை இனாமாகக் கொடுக்கிறது. சென்னையின் போர் தண்ணீரை மனிதர்கள் உப்பு என்று முகம் சுளித்தாலும் மோலிக்கும் கப்பிக்கும் அந்தக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி, பக்கத்தில் மீன் தீனிக்கான புழு, மொய்னா விற்கும் கடை, ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரம் என்று ஒரு வட்டாரமே குடும்பத் தொழிலாக இதை எடுத்துக்கொண்டது. இங்கே பெண்களின் உழைப்பு பெரியது; தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, குட்டி பிரிப்பது எல்லாம் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நடக்கும் வேலை, ஆகவே கணக்கில் வராமல் போகும் வேலை.

மூன்றாவது மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்த மீன்கள் உலகம் முழுக்க அயல் நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று கேடு செய்கின்றன. தமிழ்நாட்டுச் சாக்கடைகளில்கூடக் கப்பி கூட்டமாய்த் திரிகிறது. இதில் வீட்டுத் தொட்டிக்காரரின் பங்கு உண்டு. வளர்க்க முடியாததைக் கால்வாயில் கொட்டுவது இன்றும் நடக்கிறது, அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் பெரும் பரவலைத் திட்டமிட்டுச் செய்தது அரசுகள். பார்படாஸில் மலேரியா இல்லாததற்குக் கப்பிதான் காரணம் என்ற நம்பிக்கையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. அதன் இன்னொரு சொந்தமான கம்பூசியா 1928இல் இந்தியாவுக்கு வந்தது; கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று கிணறுகளிலும் குளங்களிலும் அதை விட்டார்கள், மாநகராட்சிகள் இன்னும் விடுகின்றன. கம்பூசியா அழகில்லாத சாம்பல் மீன், அதை யாரும் பொறுக்கி வளர்க்கவில்லை; உலகின் மிக மோசமான அயல் மீன்களில் ஒன்றாக எண்ணப்படுவதும் அதுதான். பொறுக்கி வளர்த்த விசிறி வாலோ கால்வாயில் விட்டால் கொக்குக்கும் வேட்டை மீனுக்கும் முதல் பலி. தப்பிப் பிழைப்பது காட்டு உருவத்துக்குத் திரும்பும் கலப்புக் குட்டிகள்.

இந்தச் சரித்திரத்தில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. ஹமாபா ஆற்றுப் பிளாட்டியின் ஒவ்வொரு தலைமுறைக்கும் பதிவேடு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்ததால் அந்தப் பொறுக்கலுக்கு ஆவணம் என்று பெயர் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்த ஆண்களை உள்ளூர்ப் பெண்களோடு சேர்த்து, சென்னைத் தண்ணீரைத் தாங்கும்படி மாடியில் நிலைநிறுத்திய வம்சங்களுக்கு அது இல்லை. எந்தப் பெண்ணை எந்த ஆணோடு சேர்த்தது, எந்தக் குட்டியைக் கழித்தது என்பது அதைச் செய்த குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. சந்தையில் பத்துப் பெயர் மாறிப்போன ஒரு சிவப்பு வாலை யார் வீட்டுத் தொட்டியில் முதலில் பிரித்தெடுத்தார்கள் என்று கேட்டால், கொளத்தூரில் பதில் சொல்லக்கூடியவர்கள் உண்டு. கேட்டு எழுதிவைக்கத்தான் இதுவரை எந்த மீன்வளக் கல்லூரியும் வரலாற்றுத் துறையும் அந்த மாடிகளுக்குப் போதுமான அக்கறையோடு ஏறவில்லை.